மொய் நோட்டில் எழுதாத கணக்கு

வருஷம் முடிகிறது என்றால் வீட்டில் இரண்டு காரியம் தவறாமல் நடக்கும். பழைய காலண்டர் ஆணியிலிருந்து இறங்கும். "இந்த வருஷம் நாம யார் யாருக்குச் செஞ்சோம், நமக்கு யார் யார் செஞ்சாக?" என்ற பேச்சு கிளம்பும். புதுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் இந்தப் பேச்சுக்கு ஞாபகசக்தி தேவையில்லை. பீரோவைத் திறந்தால் மொய் நோட்டு இருக்கும்.

ஆடி, ஆவணி வந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தில் நடக்கும் மொய் விருந்தைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்யாணமோ காதுகுத்தோ இருந்தாக வேண்டும் என்பதில்லை. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள். வந்த பணத்தை நோட்டில் பேர் போட்டு எழுதி வைத்து, கொடுத்தவர் விருந்து வைக்கிறபோது மேலே கொஞ்சம் கூட்டித் திருப்பிச் செய்வார்கள். அந்தப் பணத்தில் நிலம் வாங்கியவர்கள் உண்டு, பிள்ளையைப் படிக்க வைத்தவர்களும் உண்டு. வருவதும் போவதும் கணக்குப்படி நடக்க வேண்டும் என்பதில் நம் ஜனங்களுக்கு அவ்வளவு அக்கறை!

ஆனால் ஒரு கணக்கை மட்டும் எந்த வீட்டு நோட்டிலும் நான் பார்த்ததில்லை. இந்த வீட்டுப் பெண், தன் சொந்த மனுஷி என்று யாரைப் பார்க்கப் போனாள்? அவளுக்காக, அவளை மட்டும் பார்ப்பதற்காக, இந்த வாசலில் யார் வந்து நின்றார்கள்?

"இதென்ன கேள்வி! வருஷம் பூரா வீட்டில் ஜனம்தானே, வருஷம் பூரா பிரயாணம்தானே!" என்பீர்கள். சரி, ஒரு வருஷத்தைப் புரட்டிப் பார்த்துவிடுவோம். அரிமளத்தையே எடுத்துக்கொள்வோமே.

திருமயம் தாலுகாவில் இருக்கிற பேரூர் அது. நகரத்தார் ஊர்களில் ஒன்று. மற்ற சமூகத்தாரும் கலந்து வாழ்கிற ஊர். கோடகநல்லூர் சுந்தர சுவாமிகள் 1878இல் சமாதியடைந்தது அங்கேதான். 'மனோன்மணீயம்' எழுதிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளைக்கு அவர் குரு. வருஷா வருஷம் குருபூஜைக்கு வெளியூர்க்காரர்கள் வந்து போகிறார்கள். ஆக, விருந்தாளி என்பது அந்த ஊருக்குப் புதிதல்ல.

தை பிறந்தால் பொங்கல். சென்னையிலும் கோயமுத்தூரிலும் சிங்கப்பூரிலும் இருப்பவர்கள் வந்து, பூட்டிக் கிடந்த வீடுகளைத் திறப்பார்கள். பொங்கல் பானையைக் கழுவிக் கவிழ்ப்பதற்குள் பழநிப் பாதயாத்திரை. குன்றக்குடியில் கூடி, காவடிகளோடு தைப்பூசத்துக்கு நடந்துபோகிற அந்த வழக்கம் நகரத்தாரிடம் தலைமுறை தலைமுறையாக இருந்துவருகிறது. இப்போது எல்லாச் சமூகத்தாரும் நடக்கிறார்கள், பெண்களும் ஏராளமாக நடக்கிறார்கள். மாசியில் திருவப்பூர் மாரியம்மன் திருவிழா. பங்குனியில் நார்த்தாமலையும் கொன்னையூரும். சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூட விடுமுறை. பேரன் பேத்திகள் வந்து இறங்கி, திருமயம் கோட்டைக்கும் சித்தன்னவாசலுக்கும் அழைத்துப் போகச் சொல்லி அடம் பிடிப்பார்கள். ஆடிக்குப் புதுப்பெண் பிறந்த வீடு வருவாள். ஆவணியில் முகூர்த்தங்கள். ஐப்பசியில் தீபாவளி. கார்த்திகை தீபத்திலிருந்து 21 நாள் எண்ணி, நகரத்தார் வீடுகளில் பிள்ளையார் நோன்பு. 21 இழைத் திரியை மாவில் ஏற்றி, வீட்டுப் பெரியவர் கையால் எல்லோரும் இழை எடுத்துக்கொள்வார்கள். நோன்பு முடிந்து பார்த்தால், மறுபடியும் தை!

கேட்கவே நிறைவாக இருக்கிறதல்லவா? நிறைவான வருஷம்தான், சந்தேகமில்லை. விருந்தில்லாத வீடு விளக்கில்லாத வீடு மாதிரி.

இதே வருஷத்தை அடுப்படியில் நின்று பாருங்கள். பொங்கலுக்கு வந்தவர்களுக்குப் பணியாரம் சுட்டது யார்? பாதயாத்திரைக்காரர்களுக்குக் கட்டுச்சோறு கட்டியது யார்? கோட்டை பார்க்கப் போனபோது தூக்குச்சட்டியில் புளிச்சோறும் பையில் தண்ணீரும் சுமந்து, "ஏறாதே, விழுந்துடுவே" என்று கத்திக்கொண்டே கீழே நின்றது யார்? அவளும் பிரயாணம் போனாள் என்பது வாஸ்தவம். ஆனால் அடுப்படியும் அவளோடு சேர்ந்து பிரயாணம் செய்தது!

இது அரிமளத்தோடு நிற்கிற சங்கதியல்ல. மத்திய அரசு 2024இல் நாடு முழுக்க ஒரு கணக்கெடுத்தது, யார் எந்த வேலைக்கு எத்தனை நேரம் செலவழிக்கிறார்கள் என்று. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்பவர்களில் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிஷமும் ஆண்கள் 88 நிமிஷமும் செலவழிப்பதாக அதில் தெரியவந்தது. ஐந்து மணி நேரத்துக்குப் பதினோரு நிமிஷம்தான் குறைவு. அதுவும் சாதாரண நாட்களையெல்லாம் சேர்த்து எடுத்த சராசரி. பத்துப் பேர் வந்து இறங்கிய நாளில் எவ்வளவு ஆகும் என்பதை உங்கள் முதுகெலும்பைக் கேட்டால் சொல்லும்.

செட்டிநாட்டுப் பழைய வீடுகளின் அமைப்பிலேயே இது தெரியும். வந்தவர்களுக்கு முகப்பும் பட்டாலையும். பெண்களுக்கு இரண்டாங்கட்டும் அடுப்படியும். ஆண்கள் கணக்குப் பார்க்க என்று பர்மாவுக்கும் மலேயாவுக்கும் இலங்கைக்கும் கப்பலேறி, மூன்று வருஷம் கழித்துத் திரும்பிய காலம் ஒன்று இருந்தது. பெரும்பாலான பெண்கள் ஊரிலேயே இருந்து குடும்பத்தைக் கட்டிக் காத்தார்கள். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதவு திறந்திருந்தது. ஊருணித் துறையிலும் திண்ணையிலும், வற்றல் காயப்போட்ட மொட்டை வெயிலிலும்கூடப் பேசுவதற்கு ஓர் ஆள் இருந்தாள். இன்றைக்குப் பக்கத்து வீட்டில் பூட்டுத் தொங்குகிறது. ஊருணிக்குப் பதில் குழாய் வந்துவிட்டது. சௌகரியம்தான். ஆனால் குழாயடியில் தனியாக நிற்கிறவள் யாரிடம் பேசுவாள்?

ஓர் அம்மாளைப் பற்றிச் சொல்கிறேன். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. சின்ன வயதில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து எட்டாவது வரை படித்த சிநேகிதி ஒருத்தி அவருக்கு உண்டு. மழை வந்தால் இருவருக்கும் ஒரே குடைதான். இருவரும் வாழ்க்கைப்பட்ட ஊர்களுக்கு நடுவே ஒரு மணி நேரப் பஸ் பிரயாணம். நாற்பது வருஷத்தில் அவர்கள் சந்தித்தது ஆறே ஆறு தடவை. ஆறும் யாரோ ஒருவர் வீட்டுக் கல்யாணப் பந்தியில்!

அந்தச் சிநேகிதி ஒரு மார்கழியில் படுத்துவிட்டார். "ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லு" என்று ஆள் சொல்லி அனுப்பினார். இந்த அம்மாளும் கிளம்பத்தான் நினைத்தார். தையில் பாதயாத்திரைக்காரர்கள் வந்துவிட்டார்கள். பங்குனியில் திருவிழாவுக்கு நாத்தனார் குடும்பம். சித்திரையில் பேரப் பிள்ளைகள். ஆடியில் புது மகள் வந்திருந்தாள், மாப்பிள்ளை வந்து போக இருந்தார். ஆவணியில் பதினாறாம் நாள் காரியத்துக்குக் கார்டு வந்தது.

"அந்த வருஷம் வந்தவக ஒருத்தரும் ஒரு குறை சொல்லலம்மா. எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு. அவ மூஞ்சிய மட்டும் பாக்கலை" என்றார் என்னிடம்.

யாராவது அவரைத் தடுத்தார்களா? இல்லை. கணவர் தங்கமான மனுஷர். மருமகள் நல்ல பெண். போகக் கூடாதென்று ஒருவரும் சொல்லவில்லை. போ என்றும் ஒருவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. தெரிந்திருந்தால்தானே தோன்றும்? நாத்தனார் வருகிற தேதி காலண்டரில் குறித்திருந்தது. சிநேகிதியைப் பார்க்க வேண்டிய தேதி அந்த அம்மாளின் மனசுக்குள் மட்டும் இருந்தது.

இதையெல்லாம் வீட்டையும் உடம்பையும் பற்றிப் பேசுகிற இந்தப் பக்கத்தில் எதற்குச் சொல்கிறேன் என்கிறீர்களா? காரணம் இருக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2025 ஜூன் மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. உலகத்தில் ஆறு பேரில் ஒருவர் தனிமையால் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்கிறது அது. வருஷத்துக்குச் சுமார் 8,71,000 மரணங்களுக்கும் தனிமைக்கும் சம்பந்தம் இருக்கிறதாம். இருதய நோய், பக்கவாதம், சர்க்கரை, மனச்சோர்வு, ஞாபகசக்தி குறைவது என்று பலவற்றோடும் அதற்குத் தொடர்பு உண்டு. "எங்க வீட்டுல எந்நேரமும் இருபது பேரு, எனக்கென்ன தனிமை?" என்று கேட்கலாம். சுற்றிலும் ஆளிருந்தும், மனசில் இருப்பதைச் சொல்ல ஒருத்தரும் இல்லையென்றால் அதுவும் தனிமைதான். கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் நிற்கிறவளுக்கு இது சொல்லாமலே புரியும்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் பெண்கள் உடம்புக்கு ஒன்று என்றால் முதலில் யாரிடம் சொல்கிறார்கள்? புருஷனிடம் கூச்சம், பிள்ளைகளிடம் தயக்கம். டாக்டரிடம் போவதோ கடைசியில்! மார்பில் ஒரு கட்டி தட்டுப்படுகிறது. மாதவிலக்கு நின்று வருஷங்கள் ஆன பிறகு மறுபடி உதிரம் படுகிறது. இருமினால், தும்மினால் சிறுநீர் கசிகிறது. ராத்திரி தூக்கம் வராமல் காரணமில்லாமல் அழுகை வருகிறது. இதையெல்லாம் சொல்வதற்கு ஒரு சிநேகிதி இருந்தால், "ஏண்டி, இதைப் போயி மூடி வச்சுருக்கியே, கிளம்பு ஆஸ்பத்திரிக்கு!" என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள். மேலே சொன்னவற்றில் முதல் இரண்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாதவை. உடனே டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும். சிறுநீர் கசிவதற்கும் தூக்கமில்லாத அழுகைக்கும் வைத்தியம் இருக்கிறது. வாயைத் திறந்து சொன்னால் கிடைக்கும். சிநேகிதி என்பவள் வம்பளக்க வருகிறவள் என்று நினைத்துவிடாதீர்கள். பல பெண்களுக்கு முதல் டாக்டரே அவள்தான்.

போய்வர வழியில்லை என்று இப்போது சொல்ல முடியாது. புதுக்கோட்டை மாவட்டத்துப் பெண்களுக்கு இதில் ஒரு பெருமையே உண்டு. 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் எழுத்துச் சொல்லித் தருவதோடு சைக்கிள் ஓட்டவும் சொல்லித்தர ஏற்பாடு செய்தார். கல் உடைக்கும் பெண்களும் அங்கன்வாடி ஊழியர்களும் வயல் வேலைக்குப் போகிறவர்களும் சைக்கிளேறினார்கள். ஒன்றரை வருஷத்துக்குள் லட்சம் பெண்களுக்கு மேல் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியிருக்கிறார். கேலி பேசியவர்கள் இல்லாமலா? பேசினார்கள். பெண்கள் பெல் அடித்துக்கொண்டு போய்விட்டார்கள்! அதற்கு முப்பது வருஷம் கழித்து, 2021 மே மாதத்தில், அரசு டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லாப் பயணம் வந்தது. "சில்லறை குடுங்க" என்று கை நீட்டாமலே அடுத்த ஊர் போய்வரலாம் என்றானது. சைக்கிள் வந்தது, பஸ்ஸும் வந்தது. பாக்கி இருப்பது ஒரு தேதிதான்.

அந்தத் தேதியை எப்படிச் சம்பாதிப்பது? எனக்குத் தெரிந்த சில வழிகளைச் சொல்கிறேன்.

புதுக் காலண்டர் மாட்டியதும் திருவிழாவையும் முகூர்த்தத்தையும் குறிப்பதற்கு முன்னால், மூன்று மாதத்துக்கு ஒரு நாளாக நாலு நாளை உங்கள் பேரில் குறித்துவிடுங்கள். ரகசியமாக வேண்டாம், எல்லோரும் பார்க்கிற மாதிரி, சிநேகிதியின் பேரை எழுதியே குறியுங்கள். எழுதிய தேதிக்கு வீட்டில் ஒரு மரியாதை உண்டு. மனசில் வைத்த தேதிக்கு அது கிடையாது.

விருந்து நாட்களில் எல்லாவற்றையும் நீங்களே இழுத்துப் போட்டுக்கொள்ளாதீர்கள். வருகிறவர்களில் பெரியவர்களை உட்கார வைத்துவிட்டு மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேலை சொல்லுங்கள். காய் நறுக்குவது, இலை போடுவது, தண்ணீர் வைப்பது இதெல்லாம் ஆண்களுக்கும் வரும். சொன்னால்தான் வரும்! காலைப் பலகாரம் ஒன்று போதும். மத்தியானம் ஒரு குழம்பு, ஒரு பொரியல், ரசம், மோர். எட்டு வகை வைத்தால்தான் மரியாதை என்பது பழைய எண்ணம். வந்தவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை, மீதிப் பேருக்கு ரத்தக் கொதிப்பு. அவர்களுக்கே எட்டு வகை ஆகாது. மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் இரண்டு மணி நேரத்துக்குள் ஆற வைத்துப் பிரிஜ்ஜில் எடுத்து வையுங்கள். ராத்திரி வரை அடுப்பு மேடையில் கிடந்ததைச் சுட வைத்துப் பரிமாறினால் விருந்தே வயிற்றுப்போக்கில் முடியும்.

சிநேகிதியை வரச்சொல்லும் நாளில் பெரிய சமையல் வேண்டாம். அவள் உங்கள் கைமணத்துக்குப் பரிசு கொடுக்க வரவில்லை. இட்லி, சட்னி, ஒரு காப்பி போதும். நீங்கள் அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடையாய் நடந்தால், அவள் வந்ததே வீண்.

பிரயாணத்துக்கும் நாலு வார்த்தை. பஸ்ஸில் போகிறோம், எங்கே ஒதுங்குவது என்று பயந்து நம் பெண்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதில்லை. வெயிலில் மயக்கம் வருவதற்கும், சிறுநீரில் கடுப்பு வருவதற்கும் அது ஒரு பெரிய காரணம். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டே போங்கள். கிளம்புமுன்னும், இறங்கிய உடனும் ஒதுங்குகிற இடத்தைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மாத்திரைகளைப் பெட்டிக்குள் புதைக்காமல் கைப்பையில் வையுங்கள். இன்சுலின் போடுகிறவர்கள் அதை வெயிலில் நிற்கிற காருக்குள் விட்டுவிட்டு இறங்கக் கூடாது. நீண்ட பிரயாணமானால் ஒன்றிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து நாலடி நடங்கள், கால் வீங்காது.

"போனில் தினம் பேசுகிறோமே, போதாதா?" என்பவர்கள் உண்டு. பேசுங்கள், நல்லதுதான். ஆனால் போனில் "நல்லா இருக்கேன்" என்று சொல்வது சுலபம். நேரில் பார்த்தால், "என்னடி இப்படி இளைச்சுட்டே?" என்று கேட்டுவிடுவாள். அந்தக் கேள்விக்காகத்தான் பஸ் ஏறச் சொல்கிறேன். முக்கியமாக, படுத்திருக்கிற சிநேகிதி, புருஷனை இழந்த சிநேகிதி, பிள்ளைகள் வெளிநாடு போய்த் தனியாக இருக்கிற சிநேகிதி, இவர்களை விசேஷம் கழியட்டும் என்று தள்ளிப் போடாதீர்கள். நம் ஊரில் விசேஷம் கழிவதே கிடையாது.

மாமியார் என்ன சொல்வாரோ என்று சில சகோதரிகள் தயங்குவார்கள். அவர்களுக்கு ஒரு யோசனை. மத்தியானம் சாப்பாடு முடிந்து அவர் வெற்றிலை போடுகிற நேரம் பார்த்துப் பக்கத்தில் போய் உட்காருங்கள். "அயித்தை, நீங்க பள்ளிக்கூடம் போறப்ப உங்களுக்குச் சிநேகிதி யாரு? அவுக பேரென்ன?" என்று கேளுங்கள். முதலில் சிரிப்பார். "அதெல்லாம் எதுக்கு இப்ப?" என்பார். கொஞ்சம் பொறுத்து ஒரு பேர் வரும். ஐம்பது வருஷமாக அந்த வீட்டில் ஒருவரும் கேட்காத பேராக இருக்கும். இப்போது எந்த ஊரில் இருக்கிறார், உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்து வையுங்கள். காலண்டரில் குறித்த நாலு நாளில் முதல் நாளை அவருக்குக் கொடுத்துவிட்டு, நீங்களே கூடப் போய்ப் பஸ் ஏற்றி அழைத்துப் போங்கள். மீதி மூன்று நாளுக்கு உங்களை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை.